கண்ணாடிச் சில்லில் ஒரு கோயில், கைத்திறனில் ஒரு கொலு

அன்னை பராசக்தி ஒன்பது இரவுகள் கொலுவீற்றிருந்து அருள் பாலிக்கும் புண்ணிய காலம் நவராத்திரி. இல்லந்தோறும் கொலுப்படிகள் எழுகின்றன. படிகளில் பொம்மைகள் அமர்கின்றன. படிகளின் கீழே தெப்பக்குளமும் தேரோடும் வீதியும் குன்றின்மேல் குமரன் கோயிலுமாக ஒரு சிற்றூரையே சிறுவர் சிறுமியர் தம் கையால் படைத்துவிடுகின்றனர். பொம்மைகளை விலைக்கு வாங்கலாம். ஆனால் அந்தச் சிற்றூரைக் கையால்தான் கட்ட வேண்டும். எதைக் கொண்டு கட்டுவது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகின்றது.

அட்டையும் தெர்மாகோலும்தானா கைவேலைக்கு உரிய பொருள்கள்? வேறு பொருள் கிடையாதா? இக்கேள்விக்கு விடை தேடுவோர் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. ஜொகூர் பாரு மாநகரில், தெப்ராவ் சாலையை அடுத்து, இரயில் பாதையின் ஓரமாக எழுந்து நிற்கும் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயமே இதற்குத் தக்க விடையாக விளங்குகின்றது.

குடிலில் தொடங்கிய அன்னை

இவ்வாலயம் 1922ஆம் ஆண்டில் ஓர் எளிய குடிலாகத் தோன்றியது. ஜொகூர் சுல்தான் இந்திய மக்களுக்கு வழங்கிய நிலத்திலே அன்னைக்கு ஒரு நிழல் அமைத்து வழிபட்டனர் அக்காலத்து அன்பர்கள். இந்நாட்டின் தமிழர் ஆலயங்கள் பலவற்றின் வரலாறும் இவ்வாறே தொடங்குகின்றது. மரத்தடியில் ஒரு சூலம், அதன்மேல் அத்தாப்புக் கூரை, பின்னர்த் தகரக் கொட்டகை, அதற்கும் பின்னரே செங்கல்லும் சுதையும் என்று படிப்படியாக வளர்ந்தவை அவை. கையில் எது இருந்ததோ அதைக் கொண்டு அன்னைக்கு இல்லம் எடுத்தனர் நம் முன்னோர். பொருள் எளியதாயினும் பக்தி எளியதன்று.

குரு பகவான் சித்தர் என்று அன்பர்களால் அழைக்கப்படும் சின்னத்தம்பி சிவசாமி அவர்கள், தம் தந்தையாருக்குப் பின் 1991இல் இவ்வாலயப் பொறுப்பை ஏற்றார். 1996இல் புதிய ஆலயம் எழுந்தது. அதன்பின் பாங்காக் நகருக்குச் சென்றிருந்தபோது, தொலைவில் வைரம்போல் ஒளிவிட்ட ஒன்று அவர் கண்ணைக் கவர்ந்தது. அருகே சென்று கண்டபோது, அது ஓர் ஆலய வாயிலில் பதிக்கப்பெற்ற கண்ணாடி வேலை என்பது புலனாயிற்று. ராஜகாளியம்மனுக்கும் அவ்வாறே ஒரு கண்ணாடிக் கோயில் அமைய வேண்டும் என்னும் எண்ணம் அங்கே வேர்விட்டது.

2008இல் தொடங்கிய கண்ணாடித் திருப்பணி 2009 அக்டோபரில் நிறைவெய்தியது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, வெண்மை ஆகிய நிறங்களில் ஏறக்குறைய 3,00,000 கண்ணாடித் துண்டுகள் ஆலயத்தின் பத்தில் ஒன்பது பங்கை மூடியிருக்கின்றன. தூண், சுவர், விதானம் என எங்கு நோக்கினும் ஒளியே. மலேசியாவின் முதல் கண்ணாடி ஆலயம் என்னும் சிறப்புடன் 2010இல் மலேசிய சாதனைப் புத்தகத்திலும் இவ்வாலயம் இடம்பெற்றது.

கண்ணாடியோடு அமையவில்லை இதன் சிறப்பு. ஆத்மலிங்கம் எழுந்தருளியுள்ள கருவறையின் சுவர்களில் நேபாளத்திலிருந்து தருவிக்கப்பெற்ற 3,00,000 உருத்திராட்ச மணிகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மணியும் மந்திர உருவேற்றிய பின்னரே சுவரில் வைக்கப்பட்டதாக ஆலயத்தார் கூறுவர். கழுத்தில் அணியும் மணியே சுவராகி இறைவனைச் சூழ்ந்து நிற்கும் காட்சி வேறெங்கும் எளிதில் காணக் கிட்டாதது. அவ்விலிங்கத்திருமேனிக்குப் பக்தர்களே பன்னீர் அபிடேகம் செய்யும் பேறும் இங்கு உண்டு. புத்தர் பெருமான், இயேசு பிரான், அன்னை தெரேசா ஆகியோரின் வெண்ணிற உருவங்களும் இவ்வாலயத்தே இடம்பெற்றுள்ளமையைப் பிற சமயத்தாரும் வியந்து நோக்குகின்றனர்.

மூன்று இலட்சம் என்னும் எண்ணை வாயால் சொல்லுவது எளிது. ஒருவர் நிமிடத்திற்கு ஒரு துண்டு வீதம் ஓயாது பதிப்பதாகக் கொண்டாலும் 5,000 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைத்தால் 625 நாள்கள் தேவைப்படும். வெட்டும் நேரமும் தேய்க்கும் நேரமும் இக்கணக்கில் சேரா. ஆலயத்துள் நுழைவோர் காண்பது கண்ணாடியின் ஒளியை. அதன் பின்னே நிற்பதோ பெயர் பொறிக்கப்படாத பல கைகளின் பொறுமை.

இது மரபுக்கு மாறானதா?

கோயில் என்றால் கருங்கல்லால் அமைதல் வேண்டும். கண்ணாடி கோயிலுக்கு ஆகுமா என்று வினவுவோரும் உளர். வினவுவது தவறன்று. ஆயினும் மரபு என்பது என்ன சொல்லுகின்றது என்பதையும் அறிதல் நன்று.

பாகவத புராணத்தின் பதினோராம் கந்தம் இறைவனின் திருவுருவுக்குரிய பொருள்களை எட்டு வகையாகக் கூறுகின்றது. கல், மரம், உலோகம், சாந்து, ஓவியம், மணல், மணி ஆகிய ஏழும் கண்ணால் காணத்தக்கவை. எட்டாவது பொருள் மனம். இவ்வெட்டனுள் ஏழும் தமிழர் வழிபடும் தலங்களில் இன்றும் நின்று விளங்குகின்றன.

திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெரிய பெருமாள் சுதைத் திருமேனியர். ஆதலின் அவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பே உண்டு. காஞ்சி ஏகாம்பரநாதர் மணல் இலிங்கமாகிய பிருதிவித் திருமேனியர். அதே காஞ்சியில் அத்திவரதர் அத்தி மரத்தால் ஆனவர். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குளத்தினின்று எழுந்தருளும் அப்பெருமானை 2019இல் 48 நாள்கள் பக்தகோடிகள் கண்டு களித்தனர். பூரி சகந்நாதர் வேப்ப மரத் திருமேனியர். அம்மரத் திருமேனி உரிய காலத்தில் புதுப்பிக்கப்படும் நவகளேபரம் 2015இல் நிகழ்ந்தது. திருவனந்தபுரம் பத்மநாபப் பெருமானின் திருமேனி கடுசர்க்கரை யோகம் என்னும் மருந்துச் சாந்தினாலும் 12,008 சாளக்கிராமங்களாலும் அமைந்தது என்பது மரபு.

இன்று மரபு என்று கொள்ளப்படும் கருங்கல்லும் ஒரு காலத்தில் புதுமையாகவே இருந்தது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டு என்னும் ஊரில், பாறையைக் குடைந்து ஆக்கிய கோயிலில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இல்லாமலே பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் இக்கோயிலை எடுத்ததாக அம்மன்னன் அதிலே பெருமிதத்துடன் தெரிவிக்கின்றான். அதற்கு முன்னர்த் தமிழகத்துக் கோயில்கள் அந்நான்கு பொருள்களாலேயே அமைந்தன என்பது இதனால் விளங்கும். அம்மன்னன் அக்கல்வெட்டிலே தன்னைக் குறிக்கும் பட்டப்பெயர் விசித்திரசித்தன். புதியன நினைக்கும் உள்ளம் உடையவன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அன்று ஒரு மன்னன் துணிந்து கையாண்ட புதுப்பொருளே பின்வந்த தலைமுறைகளுக்கு மரபாயிற்று.

கண்ணாடியும் பாரதத் திருக்கோயில்களுக்கு அயலானதன்று. 1867இல் கல்கத்தாவில் எழுந்த பார்சுவநாதர் சமணக் கோயிலிலும், இந்தூர் நகரில் சேட் உக்கும்சந்து எடுப்பித்த காஞ்ச் மந்திர் என்னும் சமணக் கோயிலிலும் கண்ணாடிப் பதிப்பு வேலை புகழ் பெற்றது. தஞ்சை ஓவியத்தில் பொன் தகட்டோடு சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதிக்கும் வழக்கத்தை அறியாதார் இலர். ஜொகூர் ஆலயம் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

எறிந்ததை எடுத்தவர்கள்

விலை மதிப்புள்ள பொருளால் கட்டியவர்கள் ஒருபுறமிருக்க, பிறர் எறிந்த பொருளைக் கொண்டே அரிய படைப்புகளை ஆக்கியோரும் உலகில் உண்டு. அவர்களுட் சிலரை இங்கே நினைவுகூர்வது இளைஞர்க்கு ஊக்கம் தரும்.

பாங்காக்கின் வாட் அருண் ஆலயக் கோபுரத்தில் பூப்பூவாய் மின்னுபவை சீனப் பீங்கான் துண்டுகள். சீனத்திலிருந்து வந்த மரக்கலங்கள் கடலில் நிலைதடுமாறாதிருக்க அடிப்பாரமாக ஏற்றிவந்த பீங்கானே கோபுர அணியாக மாறியது என்பர். அதே தாய்லாந்தின் சிசாகேட் மாநிலத்தில், 1984 முதல் காலிப் புட்டிகளைச் சேர்த்த புத்த பிக்குகள், பத்து இலட்சத்துக்கும் அதிகமான புட்டிகளால் ஓர் ஆலயத் தொகுதியையே எழுப்பினர். பச்சைப் புட்டியும் பழுப்புப் புட்டியும் சுவராயின. புட்டி மூடிகள் சித்திரங்களாயின. மதுப்புட்டி என்று மக்கள் முகஞ்சுளித்த பொருள் வழிபாட்டுக்கு உரிய இடமாயிற்று.

சண்டிகர் நகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக்சந்த், 1957 அளவில், சுக்னா ஏரிக்கு அருகில் ஒரு காட்டுப் பள்ளத்தில் யாரும் அறியாமல் ஒரு தோட்டம் அமைக்கத் தொடங்கினார். உடைந்த வளையல், உடைந்த பீங்கான், பயனற்ற மின்சாதனத் துண்டுகள் ஆகியவையே அவருடைய மூலப்பொருள்கள். பகலில் அலுவல், எஞ்சிய நேரத்தில் தோட்டம் என்று பதினெட்டு ஆண்டுகள் மறைவாக நடந்த அவ்வேலை 1975இல் அதிகாரிகளின் பார்வைக்கு வந்தது. அரசு நிலத்தில் அனுமதியின்றி எழுந்ததாயினும் அதன் அழகு அதனைக் காத்தது. 1976இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2015இல் மறைந்தார். அவருடைய பாறைத் தோட்டம் இன்றும் மக்கள் கூட்டத்தை ஈர்த்து வருகின்றது.

பிரான்சு நாட்டின் ஓத்தரீவ் சிற்றூரில் பெர்தினான் செவால் என்னும் அஞ்சற்காரர் வாழ்ந்தார். 1879இல் கடிதம் கொண்டு செல்லும் வழியில் ஒரு வியத்தகு கல் அவர் காலை இடறியது. அன்று முதல் வழியில் கண்ட கற்களைப் பொறுக்கிச் சேர்த்து, 33 ஆண்டுகள் உழைத்து, 1912இல் ஒரு மாளிகையை முடித்தார். அம்மாளிகையின் மேற்குப் புறத்தில் பல நாட்டுக் கட்டடங்களுள் ஒன்றாக ஓர் இந்துக் கோயிலையும் அவர் வடித்து வைத்துள்ளார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இத்தாலியத் தொழிலாளியான சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை இரும்புக் கம்பி, சிமெண்டு, சிப்பி, ஓட்டுத் துண்டு, புட்டித் துண்டு ஆகியவற்றால் ஏறத்தாழ நூறடி உயரம் வரை கோபுரங்கள் எழுப்பினார். அவரும் 33 ஆண்டுகளே உழைத்தார்.

இவர்கள் எவரும் சிற்பக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். செல்வந்தரும் அல்லர். பிறர் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றியதில் உருவைக் கண்டவர்கள். கண்டதோடு நில்லாமல் பல்லாண்டு உழைத்தவர்கள்.

நெட்டியும் இரப்பர் மரமும்

தமிழர் கைவேலைக்கே உரிய அரிய பொருள் ஒன்று உண்டு. அதுவே நெட்டி. ஏரி குளங்களில் தானாக வளரும் நீர்ச்செடியின் தண்டே நெட்டி எனப்படும். அதனை வெட்டி, உலர்த்தி, மேற்றோலைச் சீவினால் உள்ளே பால்போல் வெண்மையான சோறு இருக்கும். தந்தத்தைப் போன்ற நிறமும் பஞ்சைப் போன்ற எடையும் உடைய அச்சோற்றைக் கூரிய கத்தியால் இழை இழையாக அரிந்து, தஞ்சைப் பெரிய கோயிலையே கண்ணாடிப் பேழைக்குள் எழுப்பிக் காட்டுவர் தஞ்சைக் கலைஞர்கள். மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் ஆடும் நெட்டி மாலையும் இதனால் ஆனதே. வங்காளத்தில் துர்க்கையன்னையின் வெண்ணிற அணிகலன்களும் இத்தகைய சோற்றாலேயே செய்யப்படுகின்றன. தஞ்சை நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எனினும் அத்தொழிலில் எஞ்சியிருக்கும் குடும்பங்கள் சிலவே. தமிழகம் செல்லும் அன்பர்கள் ஒரு நெட்டிக் கோயிலை வாங்கி வந்து கொலுவில் வைப்பார்களாயின், கொலுவுக்கும் அழகு, அக்குடும்பங்களுக்கும் ஆதரவு.

மலேசியத் தமிழருக்கு உரிய பொருள் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின் அது இரப்பர் மரம். நான்கு தலைமுறைத் தமிழரின் வியர்வை அம்மரத்தின் அடியில் சிந்தியுள்ளது. பால் வற்றிய மரத்தை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் வெட்டி வீழ்த்துவர். நெடுங்காலம் அது வெறும் விறகாகவே எரிந்தது. மாவுச்சத்து மிகுந்த அம்மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். வெட்டியவுடன் போரான் கலந்த மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னர், 1980களில் அம்மரத்தின் தலைவிதி மாறியது. இன்று ஜொகூரின் மூவார் நகரம் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்று விளங்குவது பெரிதும் அம்மரத்தாலேயே.

தளவாடப் பட்டறைகளில் கழிவாக விழும் இரப்பர் மரத் துண்டுகள் கொலுக் கைவேலைக்கு மிகவும் ஏற்றவை. வெளிர் மஞ்சள் நிறமும் நேரான இழையும் உடைய அம்மரம் சிறு இரம்பத்துக்கு எளிதில் இணங்கும். சாயத்தையும் நன்கு ஏற்கும். தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் இரப்பர்க் கொட்டையோ இயற்கையே வண்ணம் தீட்டிய மணி. அதனை வெயிலில் நன்கு உலர்த்தி ஒட்டினால், சிறு கோபுரத்தின் கலசமாகவும் மதிலின் அணியாகவும் பொலியும். தேங்காய்ச் சிரட்டை மண்டபக் குவிமாடமாகும். செம்பனை ஓலையின் ஈர்க்கு ஓலைக் குடிலின் கைம்மரமாகும். கடற்கரைச் சிப்பி தெப்பக்குளத்தின் படித்துறையாகும். பாட்டனார் பால் வெட்டிய மரத்தில் பேரப்பிள்ளை அம்மனுக்குக் கோபுரம் அமைப்பதைக் காட்டிலும் பொருத்தமான நவராத்திரிக் கைவேலை வேறொன்று இருத்தல் அரிது. பாட்டனார் இருக்கும் இல்லங்களில், அம்மரத்தின் கதையையும் தோட்டத்துக் கோயிலின் கதையையும் அவர் வாயால் கேட்கும் வாய்ப்பும் உடன் கிட்டும்.

செய்முறைக் குறிப்புகள் சில

கோயில் மாதிரியைக் கட்ட விரும்புவோர் முதலில் அளவை வகுத்துக்கொள்ள வேண்டும். 216 அடி உயரமுள்ள தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை, ஓரடிக்கு அரைக்கால் அங்குலம் என்னும் வீதத்தில் சுருக்கினால் 27 அங்குல உயரம் வரும். கொலுவின் ஒருபுறத்தில் வைப்பதற்கு அது பெரியதே. அதில் பாதி அளவே சிறு இல்லங்களுக்குப் போதும். அடித்தளத்தையும் தளங்களையும் தாளில் வரைந்துகொண்டு, அதன் பின்னரே பொருளில் கை வைத்தல் வேண்டும். அளவு தவறிய கோபுரத்தை எவ்வண்ணமும் மறைக்காது.

கண்ணாடிப் பதிப்பு வேலையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் இன்றியமையாதவை. சக்கரம் பொருத்திய வெட்டுக் கருவியால் ஒரே முறை அழுத்திக் கோடிட்டு, அக்கோட்டின் வழியே ஒடிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் கோடிட்டால் கண்ணாடி தாறுமாறாக உடையும். வெட்டிய விளிம்பை நீர் தெளித்த சாணைக் கல்லில் தேய்த்தால் கூர்மை மழுங்கும், தூளும் பறக்காது. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறப் பூச்சைக் காடி நெடி வீசும் சிலிக்கோன் பசை அரித்துவிடும். நாளடைவில் கறுப்புக் கறை தோன்றும். ஆதலின் கண்ணாடிக்கென்றே விற்கப்படும், அமிலமற்ற பசையைக் கேட்டு வாங்குதல் நன்று. துண்டுகளை நெருக்கி ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டு ஒட்டி, அவ்விடைவெளியைச் சாந்தால் நிரப்பினால் வேலை உறுதிப்படும். சிறுவர்களுக்குச் சில்லுக் கண்ணாடிக்குப் பதிலாகக் கடைகளில் விற்கும் விளிம்பு மழுங்கிய சிறு கண்ணாடி வில்லைகளையோ வண்ணத் தாளையோ கொடுப்பதே முறை.

நெட்டி, இரப்பர்க் கொட்டை, ஈர்க்கு ஆகியவற்றுக்கு இந்நாட்டின் ஈரக் காற்றே பகை. நன்கு உலர்ந்தபின் செய்து, செய்தபின் மூடிய பேழையில் வைத்தால் அடுத்த ஆண்டும் அவை கொலுவுக்கு வரும்.

இனி, தவிர்க்க வேண்டியவற்றையும் கூறியாக வேண்டும். தெர்மாகோல் எளிதில் கிடைப்பது, எளிதில் வெட்டப்படுவது என்பது உண்மையே. தைப்பூசக் காவடிகளிலும் மயிற்பீலிக்கும் மரத்துக்கும் இடையே அது புகுந்துவிட்டது. ஆயின் அது மண்ணில் மக்குவதில்லை. எரிந்தாலோ கரும்புகையையும் நச்சையும் கக்கும். குத்துவிளக்கு எரியும் கொலுவின் அருகே தெர்மாகோல் கோபுரம் நிற்பது தீயை வீட்டுக்குள் அழைப்பதற்கு ஒப்பாகும். கைவேலை எப்பொருளால் ஆனதாயினும் விளக்கிலிருந்து எட்ட வைத்தல் கட்டாயம். அவ்வாறே பாரிஸ் சாந்தினால் செய்து இரசாயன வண்ணம் பூசிய உருவங்கள் நீரில் கரைவதில்லை. நீர்வாழ் உயிர்களுக்குக் கேடாகின்றன. இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட திருத்திய நெறிமுறைகளில் பாரிஸ் சாந்துத் திருவுருவங்களைத் தடை செய்தது. களிமண் உருவமே கரைப்பதற்கு ஏற்றது. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருவதுதான் விசர்ஜனத்தின் பொருள். அன்னைக்கென்று செய்யும் ஒன்று அவள் படைத்த ஆற்றுக்கும் மீனுக்கும் தீங்காதல் ஆகாது.

எட்டாவது பொருள்

இத்தனையும் கூறிய பின்னும் ஒரு வினா எஞ்சுகின்றது. கண்ணாடி வாங்கவும் வசதியில்லை, மரம் அறுக்கவும் இடமில்லை என்போர் என் செய்வர்? அடுக்குமாடி வீட்டின் ஒரு மூலையில் மூன்று படி வைப்பதே பெரிதாக உள்ள குடும்பங்கள் ஜொகூரில் பல. முதுமையால் கை நடுங்குவோரும் உளர். அவர்களுக்கென்றே பெரியபுராணத்தில் ஒருவர் இருக்கின்றார்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க விரும்பினார். ஊர் ஊராகப் பொருள் தேடியும் ஒரு காசும் கிட்டவில்லை. ஆதலின் உள்ளத்திலேயே பொருள் திரட்டினார். உள்ளத்திலேயே தச்சரைத் தேடினார். நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டு, இரவும் உறங்காது, சிகரம் வரை ஒவ்வோர் அங்கமாக மனத்தே அமைத்தார். கிணறும் மதிலும் குளமும்கூட மறக்கவில்லை. குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தக் காத்திருந்தான் பல்லவ மன்னன். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் ஒருவன் எடுத்த ஆலயத்தில் நாளை புகுகின்றோம். உன் விழாவை வேறொரு நாளுக்கு மாற்றுக என்று பணித்தருளினான். வியப்புற்ற மன்னன் நின்றவூர் சென்று தேடினான். அங்கே கல்லால் ஆன கோயில் எதுவும் இல்லை, பூசலாரே இருந்தார். மன்னன் அவரடி வணங்கித் திரும்பினான்.

பாகவதம் சொல்லும் எட்டாவது பொருளாகிய மனத்தால் கட்டப்பெற்ற கோயில் அதுவே. அக்கதையில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மனத்தால் கட்டுவதுதானே என்று பூசலார் ஒரு நொடியில் கட்டிவிடவில்லை. கற்கோயிலுக்கு எத்துணைக் கவனம் வேண்டுமோ அத்துணைக் கவனத்தோடு, ஒரு படிநிலையும் விடாது கட்டினார். அக்கவனத்தையே இறைவன் ஏற்றான்.

மூன்று இலட்சம் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்த கைகளுக்கும், உள்ளத்தே கல்லடுக்கிய நாயனாருக்கும் பொதுவாக அமைந்தது அக்கவனமே. பிள்ளைகள் இவ்வாண்டு கட்டும் கொலுக் கோயில் சற்றே சாய்ந்திருக்கலாம். கலசம் ஒருபுறம் கோணலாகலாம். பெற்றோர் அதனைத் திருத்த முற்படாமல் அன்னையின் முன்னே வைத்து விளக்கேற்றுவாராக. குடிலில் குடிகொண்ட ராஜகாளியே கண்ணாடிக் கோயிலிலும் கொலுவிருக்கின்றாள். இரப்பர் மரத் துண்டில் எழுந்த சிறு கோபுரத்தையும் அவள் ஏற்றருள்வாள்.